எழுத்து சொல்லித் தரும் ரோபோ பொம்மை: சர்வோ அசைந்தால் ஊனோ ரீசெட் ஆகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் தெரு அங்கன்வாடிப் பிள்ளைகளுக்காக ஒரு ரோபோ பொம்மை செய்கிறேன். ‘அ’ அட்டையை வயிற்றில் வைத்தால் “அ, அம்மா” என்று சொல்லிக் கையாட்ட வேண்டும். யாராவது கிட்டே வந்தால் தலையைத் திருப்ப வேண்டும்.

உள்ளே எல்லாவற்றையும் இயக்கும் சிறு கணினிப் பலகை ஆர்டுயினோ ஊனோ, அட்டையைப் படிக்க ஆர்சி522 (3.3 வோல்ட்டில்), ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் பார்க்க எச்சி-எஸ்ஆர்04, குரலுக்கு டிஎஃப்பிளேயர் மினி, அசைவுக்கு இரண்டு எஸ்ஜி90 சர்வோ மோட்டார்.

தனித்தனியாக எல்லாம் நன்றாக ஓடுகின்றன. குரலும் சர்வோக்களும் சேர்ந்து இயங்கினால்தான் ஊனோ ரீசெட் ஆகி, முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. பாதி எழுத்தில் பேச்சு நின்றால் பிள்ளை குழம்பிவிடும், அதுதான் என் கவலை. சர்வோக்களுக்குத் தனி பேட்டரி கொடுத்து, கிரவுண்டை (மைனஸ் கம்பியை) மட்டும் பொதுவாக இணைத்தேன். ரீசெட் குறைந்தது, நிற்கவில்லை. சர்வோ பக்கத்தில், மின்சாரத்தைச் சற்றுச் சேமித்துத் தரும் கெப்பாசிட்டர் 470 மைக்ரோஃபாரட் போதுமா, 1000 வேண்டுமா? டிஎஃப்பிளேயரையும் பிரிக்க வேண்டுமா?

அப்புறம், மெத்தென்ற துணி ஒலியை உறிஞ்சுவதால் எச்சி-எஸ்ஆர்04 அளவு தாறுமாறாகத் தாவுகிறது. ஐந்து அளவு எடுத்து நடுவில் இருப்பதை வைத்துக்கொண்டால் சரியாகுமா, அல்லது விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சாருக்கு மாறிவிடலாமா?

மின்சாரத்துக்கு 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்கள் நான்கு, ஸ்குரூ போட்ட மூடிக்குள். பட்டன் செல் யோசனை மட்டும் வேண்டாம். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். சிறுவர் பொம்மைக்கு மின்சுற்று அமைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், சர்க்யூட் படத்தைக் கமெண்டில் போடுகிறேன்.