மறு: ஃபெயிலியர் அனாலிசிஸ் – தோல்வியா, பழுதா, செயலிழப்பா?

> 'தோல்விப் பகுப்பாய்வு' போதுமே. அகராதியும் ஃபெயிலியருக்குத் தோல்வி என்றுதானே சொல்கிறது?

வணக்கம்.

கணினிச் சேவைகள் ஏன், எப்படி நின்றுபோகின்றன என்று ஆராயும் ஃபெயிலியர் அனாலிசிஸுக்குத் தமிழில் அது போதாது என்பேன். தேர்விலும் தேர்தலிலும் தோற்கலாம். சர்வர் தோற்பதில்லை, நின்றுபோகிறது. சிறுநீரகச் செயலிழப்பு என்று மருத்துவத்தில் வழங்கும் சொல்லையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம்: செயலிழப்பு ஆய்வு.

'பழுது' வேண்டாமா என்று கேட்டவருக்கு: வேண்டும், ஆனால் ஃபால்ட்டுக்கு. இரட்டை வட்டுகளில் ஒன்று கெட்டால் அது பழுது. மற்றது தாங்கிக்கொண்டால் பயனருக்கு ஒன்றும் தெரியாது, சேவை செயலிழக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஆய்வு செய்யவே எதுவும் மிஞ்சாது. (நம்பகத்தன்மைப் பொறியியலில் இடையே எரர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தகவல்தொழில்நுட்பச் சேவை மேலாண்மைக்கான வழிகாட்டியான ஐடிலின் மூன்றாம் பதிப்புச் சொற்பட்டியல் ஃபால்ட்டையும் எரரையும் ஒரே பொருளில் வைப்பதால் நமக்கு இப்போதைக்கு இரண்டு போதும்.)

இனி ஆய்வு உத்திகள். காம்பொனென்ட் ஃபெயிலியர் இம்பாக்ட் அனாலிசிஸ், 1970களில் ஐபிஎம்மில் உருவானது. ஒருபக்கம் கூறுகள், மறுபக்கம் சேவைகள் என்று கட்டம் போடுவார்கள். கூறு நின்றால் சேவையும் நிற்குமா, மாற்று உடனே ஏற்குமா, மாற்று இருந்தும் அதை முதலில் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதைக் கட்டத்தில் குறிப்பார்கள். வெற்றுக் கட்டம் என்றால் பாதிப்பில்லை. 'உறுப்பிழப்பு ஆய்வு' என்று ஒருவர் சுருக்கியிருந்தார்; விபத்துக் காப்பீட்டுப் படிவம்போல் இருக்கிறது! 'கூறுச் செயலிழப்புத் தாக்க ஆய்வு' நீளம்தான், ஆனால் குழப்பாது. 'விளைவு' என்பதை, ஒவ்வொரு கூறும் எப்படியெல்லாம் செயலிழக்கும், அதனால் என்ன ஆகும் என்று பார்க்கும் எஃப்எம்இஏ என்ற ஆய்வில் வரும் எஃபெக்டுக்கு ஒதுக்கிவைப்போம்.

ஃபால்ட் ட்ரீ அனாலிசிஸ் எதிர்த்திசையில் போவது. 1962இல் பெல் ஆய்வகத்தில், மினிட்மேன் ஏவுகணையின் ஏவுதல் கட்டுப்பாட்டு அமைப்புக்காக உருவாக்கினார்கள். நடக்கக்கூடாத நிகழ்வை உச்சியில் எழுதி, அதற்கு எவையெல்லாம் சேர வேண்டும் என்று கீழே இறங்குவது. 'பழுதுமர ஆய்வு' பொருந்துகிறது. அதில் எல்லாம் சேர வேண்டிய இடத்தில் வரும் ஆண்ட் கேட்டுக்கும், ஏதேனும் ஒன்றே போதுமான இடத்தில் வரும் ஆர் கேட்டுக்கும் 'மற்றும் வாயில்', 'அல்லது வாயில்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். நாம் பேசும்போது இந்த இரண்டு சொற்களையும் தேடுவதே இல்லையே! "மின்சாரமும் போய் பேட்டரியும் தீர்ந்தால் சேவை நிற்கும்." "ரவுட்டரோ கேபிளோ போனால் இணைப்பு அறும்." உம்மும் ஓவும் வேலையை முடித்துவிடுகின்றன. ஆகவே உம்மை வாயில், ஓகார வாயில். மரத்தை வாய்விட்டுப் படித்தாலே எந்த வாயில் என்று காது சொல்லிவிடும்.

சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியருக்கு 'ஒற்றைத் தோல்விப் புள்ளி' வேண்டாம். அது புள்ளியன்று, மாற்றில்லாத ஓர் இடம். 'ஒற்றை முறிவிடம்' எப்படி? ஓகார வாயிலின் கீழ் நேராகத் தொங்குவதெல்லாம் முறிவிடம் என்று விளக்கவும் எளிது, அந்த வாயிலுக்கும் உச்சிக்கும் நடுவே உம்மை வாயில் எதுவும் இல்லாதவரை.

சேவை கிடைக்காமல்போகும் அவுட்டேஜுக்கு 'முடக்கம்' என்று வைத்திருக்கிறேன். திட்டமிட்டு நிறுத்துவதையும் அதே சொல்லால் சொல்லலாமா என்பதில் எனக்குத் தயக்கம். பராமரிப்புக்காக நாமே நிறுத்துவதை 'நிறுத்தம்' என்று பிரித்தால் அறிக்கைகளில் வசதியாக இருக்குமா? நேரடியாக இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்