பழைய தோட்டத்து டிராக்டர் என்ஜின் எவ்வளவு காலம் உழைக்கும்? பிரிச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க

தோட்டப்பிரிவு, புக்கிட் தீமா:
எங்க முதலாளி ஒரு கப் கேடட் 128 வாங்கி வந்திருக்கார். 1970களின் தொடக்கத்துல வந்த வண்டி, 12 குதிரைசக்தி கோலர் கே301 என்ஜின். நீலப்புகை விடுது, சூடானா மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குது. ஐம்பது வயசாச்சு, பழைய சாமான் வாங்குற காராங்குனிக்குப் போட்டுடலாம்னு கூட வேலை செய்றவங்க சொல்றாங்க. எனக்கு மனசு வரல. இந்த மாதிரி என்ஜினைப் பிரிச்ச அனுபவம் யாருக்காவது உண்டா?

லேத் பட்டறை, காக்கி புக்கிட்:
தம்பி, வயசைக் கேட்டுப் பயப்படாதீங்க. அது வார்ப்பிரும்பு பிளாக். அமெரிக்காவுல குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில சும்மா நின்ன வண்டியா இருந்தா, ஐம்பது வருஷத்துல ஓடின நேரம் கம்மியாத்தான் இருக்கும். நம்ம ஊர்லதான் புல்லுக்கு லீவே கிடையாது. வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை, கௌ கிராஸ் பன்னிரண்டு மாசமும் வளருது. இங்க வந்த பிறகு எப்படி ஓட்டினாங்கன்னு முதல்ல விசாரிங்க.

இந்த ஒத்தை சிலிண்டர் என்ஜின்களை முக்கியமா ரெண்டு விஷயம்தான் கொல்லுது, சூடும் எண்ணெய்க் குறைவும். எங்க பட்டறைக்கு வந்த ஒண்ணுல ஃபேனை மூடியிருந்த தகரக் கூட்டைக் கழட்டினா சூட்டைக் காத்துல விடுற ஃபின் தகடே கண்ணுக்குத் தெரியல. ஈரப்புல்லும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து வரட்டி மாதிரி இறுகிக் கிடந்துச்சு. ஸ்க்ரூடிரைவரால குத்திக் குத்தித்தான் எடுத்தேன். உள்ளே அளந்து பார்த்தா, அடைப்பு இருந்த பக்கமாவே போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் துளை) முட்டை வடிவமாத் தேய்ஞ்சிருந்துச்சு. அதுல பிஸ்டனைச் சுத்தி வர்ற ரிங் மட்டும் புதுசாப் போட்டு என்ன பிரயோஜனம்?

எண்ணெய் விஷயம் இன்னும் முக்கியம். கே301ல ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடோட அடியில நீட்டிக்கிட்டிருக்கிற துண்டு எண்ணெயை வாரி அடிக்கிறதுதான் மொத்த ஏற்பாடும். ராட் அலுமினியம், தனி பேரிங் இல்லாம நேரா கிராங்க் மேலயே ஓடுது. எண்ணெய் குறைஞ்சு ஓட்டினாலும், சரிவுல ரொம்ப நேரம் சாய்ச்சு ஓட்டினாலும் முதல் அடி ராடுக்குத்தான். அது உடைஞ்சு பிளாக்கைக் கிழிச்சிட்டா செலவு எங்கேயோ போயிடும். தினமும் கிளப்புறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜை நம்பி முடிவு எடுக்காதீங்க. ஸ்டார்ட் பண்றப்போ சுமை குறையறதுக்காக எக்சாஸ்ட் வால்வை லேசாத் தூக்கிவிடுற அமைப்பு அதுல இருக்கு. அதனால நல்ல என்ஜின்கூட குறைச்சலாத்தான் காட்டும். பிஸ்டனை கம்ப்ரஷன்ல மேலே நிறுத்தி, கிராங்க் திரும்பாம பிடிச்சுக்கிட்டு, பிளக் ஓட்டை வழியா காத்து ஏத்துங்க. கார்பரேட்டர்ல சீறினா இன்டேக் வால்வு, சைலன்சர்ல சீறினா எக்சாஸ்ட் வால்வு, டிப்ஸ்டிக் ஓட்டையில சீறினா ரிங்கும் போரும். இதுக்கு முன்னாடி என்ஜின் உள்காத்து வெளியேறுற பிரீதரைக் கழட்டிக் கழுவிடுங்க, அது அடைச்சிருந்தாலும் நீலப்புகை வரும்.

போர் தேய்ஞ்சிருந்தாலும் கவலை வேண்டாம். ஸ்டாண்டர்ட் அளவு 3.375 அங்குலம். அதுக்கு மேல 0.010, 0.020, 0.030னு மூணு ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. அதாவது ஒரே பிளாக்குக்கு மூணு மறுபிறவி. எத்தனை வருஷம் உழைக்கும்னு கேட்டீங்களே, என் பதில் இதுதான். பிஸ்டனை வாங்கிக் கையில வச்சு அளந்த பிறகுதான் போர் அடிக்கணும், அதாவது துளையைக் கடைஞ்சு பெருசாக்கணும். பெயின்ட் எல்லாம் கடைசி. பளபளன்னு பெயின்ட் அடிச்சு, உள்ளே கையே வைக்காத வண்டிகளைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

காய்கறித் தோட்டம், லிம் சூ காங்:
அண்ணே, ஒரு சந்தேகம். ஈயம் கலந்த பெட்ரோல் சிங்கப்பூர்ல 1998லயே நின்னுபோச்சு. அந்தக் காலத்து என்ஜின்ல வால்வு உட்கார்ற சீட்டை இப்போ போடுற பெட்ரோல் தின்னுடாதா?

லேத் பட்டறை, காக்கி புக்கிட்:
இந்த என்ஜினுக்கு அந்தப் பயம் வேண்டாம். எக்சாஸ்ட் பக்கம் கடினமான இரும்புல தனி சீட் பதிச்சிருக்காங்க. ஈயமில்லாத பெட்ரோல்தான் இதுக்கு நல்லதும்கூட, கரி குறைவாப் படியும். ஹெட்டைக் கழட்டிக் கரி சுரண்டுறதுக்கு ஈயப் பெட்ரோல்னா 250 மணி நேரம், இல்லாததுன்னா 500 மணி நேரம்னு கணக்கு. உங்க பக்கம் ஈரம் ஜாஸ்தி, அதனால ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுற பாயிண்டைக் கவனிங்க. முகம் வெளுத்துக் கறை பிடிச்சா ஸ்பார்க் சோர்ந்துடும். சுத்தம் பண்ணி 0.020 அங்குலம் இடைவெளி வைங்க.

தோட்டப்பிரிவு, புக்கிட் தீமா:
அண்ணே, பிரீதரைக் கழுவியும் புகை நிக்கல. காத்து ஏத்தினோம், டிப்ஸ்டிக் ஓட்டையிலதான் சீறுது. முதலாளியும் பக்கத்துலயே நின்னு காதால கேட்டுட்டார். ஹெட்டைப் பிரிச்சு அளந்தா போர் 0.006 அங்குலம் தேய்ஞ்சிருக்கு, பிஸ்டன் தலையில ஓவர்சைஸ் முத்திரை எதுவும் இல்லை. இதுவரைக்கும் யாரும் போர் அடிக்காத பிளாக்! 0.010 பிஸ்டன் சொல்லியாச்சு. வந்ததும் பிளாக்கை உங்க பட்டறைக்கே தூக்கிட்டு வர்றேன், ராட் ஓடுற கிராங்க் ஜர்னலையும் நீங்களே அளந்து பார்த்துடுங்க.