ஜனவரில ஆஸ்திரியா பண்ணை வீடு – ஸ்கீயிங் தெரியாத குடும்பத்துக்கு சரி வருமா?

மியூனிக்_மகா:

வணக்கம் மக்களே. நவம்பர் கடைசில மாமனார் மாமியார் மன்னார்குடிலேர்ந்து இங்க மியூனிக் வர்றாங்க, பிப்ரவரி வரைக்கும் இருப்பாங்க, ஃபிளாட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா பாவம்னு ஜனவரில ஒரு வாரம் ஆஸ்திரியா பக்கம் கூட்டிட்டுப் போலாம்னு யோசனை. ஹோட்டல் வேணாம், மாமியார் சுத்த சைவம், முட்டை வாசனையே ஆகாது, அதனால கிச்சன் இருந்தே ஆகணும். ஆபீஸ்ல ஒரு ஆஸ்திரியாக்காரப் பொண்ணு பண்ணை வீட்டுல தங்குங்க, மாடு கன்னெல்லாம் இருக்கும், பசங்க குஷி ஆயிடுவாங்கன்னு சொன்னா. பசங்களுக்கு 5 வயசு, 3 வயசு. எங்க யாருக்கும் ஸ்கீயிங் தெரியாது, வீட்டுக்காரர் மட்டும் கத்துக்கறேன்னு துள்ளிட்டு இருக்கார்.

என் சந்தேகம் என்னன்னா அவ்ளோ பனில மாடெல்லாம் கண்ணுல படுமா, இல்ல நாலு சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா? மாமனாருக்கு 71, நல்லா நடப்பார், ஊர்ல இன்னும் மாடு வெச்சிருக்கார், ஆனா குளிர் தாங்குமா தெரியல. எந்த ஏரியா, கார்ல போனா ரோடு எப்படி இருக்கும், போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

வியன்னாவாசி:

ஸ்கீயிங் தெரியலைன்னா ஒண்ணும் குடி முழுகிடாதுங்க. நாங்க குளிர்காலத்துல பெரும்பாலும் பண்ணைக்குத்தான் போறது, இன்னிக்கு வரைக்கும் ஸ்கீயைக் கால்ல மாட்டினதில்ல.

மாடு பார்க்கணும்னா குளிர்காலம்தான் சரி. கோடைல நிறைய மாட்டை மலை மேல மேய்ச்சலுக்கு ஏத்தி விட்டுடுவாங்க, செப்டம்பர் வாக்குல கீழ இறக்கினா அப்புறம் வசந்தம் வரைக்கும் தொழுவம்தான், அதனால ஜனவரில மொத்த கூட்டமும் வீட்டோட இருக்கும். காலைல ஆறு மணி வாக்குல ஒரு கறவை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு கறவை. சாயங்காலக் கறவைக்கு வரலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க, குறுக்க நிக்காம ஓரமா நின்னா சந்தோஷமாத்தான் காட்டுவாங்க. வெளில மைனஸ் எட்டு இருக்கும், தொழுவக் கதவைத் திறந்து உள்ள கால் வெச்சதும் மூக்குக் கண்ணாடி மொத்தமா ஆவி படிஞ்சு ஒண்ணுமே தெரியாது, ஹீட்டர் எதுவும் கிடையாது, எல்லாம் மாடுங்க உடம்புச் சூடுதான். கன்னுக்குட்டிகிட்ட கையை நீட்டினா விரல் அத்தனையும் உள்ள இழுத்து சப்பும், முன்னால மேல் பல்லே கிடையாதுங்கறதால கடி படாது, ஆனா நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். உங்க சின்னது முதல்ல அலறும், அப்புறம் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேங்கும். அங்க போட்டுக்க ஒரு பழைய ஜாக்கெட் தனியா எடுத்துட்டுப் போங்க, அந்த வாசனை ரெண்டு தடவை துவைச்சாலும் போகாது.

மாமனாருக்குப் பேச விஷயமும் இருக்கு. சால்ஸ்பர்க், டிரோல் பக்கம் நிறைய பேர் சைலேஜ், அதாவது புளிக்க வெச்ச ஈரப் புல், போடாம குளிர்காலம் பூரா காய்ஞ்ச புல்லும் கொஞ்சம் தானியமும் மட்டும் போட்டு மாடு வளர்க்கறாங்க, அந்தப் பால் ஹோய்மில்ஷ்னு கடைல தனியா விக்கும், 2016ல ஐரோப்பிய யூனியன் அதுக்கு பாரம்பரிய உணவு முத்திரையும் குடுத்துச்சு. பரண்ல அந்தப் புல்லை அடுக்கி வெச்சிருக்கற அழகைப் பார்த்தார்னா மனுஷன் அங்கயே நின்னுடுவார்.

ஏரியான்னா மியூனிக்லேர்ந்து உங்களுக்கு வசதி சால்ஸ்பர்க் மாநிலத்துல பொங்காவ் பக்கம், ஆல்டன்மார்க்ட், ராட்ஷ்டாட், ஃபில்ஸ்மோஸ் இந்த மாதிரி ஊருங்க, இல்லாட்டி கொஞ்சம் தள்ளி பக்கத்து மாநிலம் ஸ்டைர்மார்க்ல ராம்ஸாவ். என் ஓட்டு ராம்ஸாவுக்கு. டாக்ஸ்டைன் மலையோட தெற்குச் சுவருக்குக் கீழ 1100 மீட்டர் உயரத்துல திறந்த மேட்டு நிலம், வெயில் நல்லா விழும். இதை எல்லாரும் கோட்டை விடுவாங்க, குறுகலான பள்ளத்தாக்குல வடக்குப் பார்த்த சரிவுல வீடு எடுத்தா ஜனவரில வாரம் பூரா சூரியன் வீட்டு மேல படாமலே போயிடும், வயசானவங்களுக்கு அதுதான் குளிரை விடக் கஷ்டம். ராம்ஸாவ்ல நடக்கறதுக்குன்னே பனியை அமுக்கி விட்ட பாதைங்க இருக்கு, குதிரை வண்டில சறுக்குக் கட்டை மாட்டி போர்வை போர்த்தி ஊர் சுத்திக் காட்டுவாங்க. டாக்ஸ்டைன் கேபிள் கார் 2700 மீட்டர் வரைக்கும் ஏத்தி விடும், ஆனா பெரியவருக்கு பிபி, இதயப் பிரச்சினை ஏதாச்சும் இருந்தா டாக்டரைக் கேட்டுக்கங்க.

தேடறதுக்கு ஊர்லாப் ஆம் பௌவர்ன்ஹோஃப்னு பண்ணைக்காரங்களோட சங்கமே ஒண்ணு இருக்கு, ஸ்டாருக்குப் பதிலா பூ குடுப்பாங்க. தேதி ஜனவரி 7க்கு அப்புறம், பிப்ரவரி பொறக்கறதுக்கு முன்னாடி. பெரியவனுக்கு இன்னும் ஸ்கூல் ஆரம்பிக்கலதானே, அந்த சலுகையை இப்பவே அனுபவிச்சுக்கங்க, அடுத்த வருஷத்துலேர்ந்து லீவு சீசன் ரேட்டுதான். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு தொழுவத்துல இருக்கற மாதிரி புக் பண்ணிப் பாருங்க, கொம்புக்கு பெயின்ட் மட்டும் அடிச்சிடாதீங்க.

பனிமனிதன்78:

வியன்னா அண்ணன் ரொம்ப இனிப்பா சொல்றார், நான் கொஞ்சம் காரம் சேக்கறேன். நாங்க ஒரு தடவை பண்ணைன்னு நம்பி புக் பண்ணிப் போனா அங்க இருந்தது ரெண்டு முயலும் ஒரு கிழட்டுக் குதிரையும், மாட்டை வித்து ரொம்ப வருஷம் ஆச்சாம், போட்டோல இருந்ததெல்லாம் பழசு. கேட்டா பக்கத்து வீட்டுல மாடு இருக்கு போய்ப் பாருங்கன்னாங்க. அதனால போட்டோவை நம்பாதீங்க, இப்போ பால் கறக்கறீங்களா, குளிர்காலத்துல மாடு வீட்டோடதான் இருக்கா, பசங்க உள்ள வரலாமான்னு மெயில்ல எழுதிக் கேட்டு பதில் வாங்கிட்டு அப்புறம் காசு கட்டுங்க. கிளீனிங் சார்ஜ், தலைக்கு ராத்திரிக்கு இவ்ளோன்னு ஊர் வரி, இதெல்லாம் ரேட்டுல சேர்ந்திருக்கான்னும் கேளுங்க, கடைசி நாள்ல தனியா பில் வரும்.

இன்னொண்ணு, ஜனவரில நாலரை மணிக்கே இருட்டிடும், ஒரு வாரம் பூரா மாட்டையே பார்த்துட்டு இருக்க முடியாது. அஞ்சு வயசுப் பையனை ரெண்டு நாளாவது ஸ்கீ ஸ்கூல்ல விடுங்க, மேஜிக் கார்ப்பெட்னு தரையோட ஓடற பெல்ட்ல நிக்க வெச்சு மேல ஏத்தி விளையாட்டாவே கத்துக் குடுத்துடுவாங்க. சால்ஸ்பர்க்ல 15 வயசு வரைக்கும் ஹெல்மெட் கட்டாயம், அது ஸ்கீயோட சேர்த்தே வாடகைக்குக் கிடைக்கும். இல்லாட்டி சறுக்கு வண்டி போதும், பண்ணைலயே சும்மா குடுப்பாங்க, வீட்டுக்குப் பின்னாடி இருக்கற மேடே பசங்களுக்கு அதிகம்.

ரோடு: உங்ககிட்ட விண்டர் டயர் இருக்கும், ஆனா பண்ணை எல்லாம் மெயின் ரோட்டுல இருக்காது, கடைசி ரெண்டு கிலோமீட்டர் செங்குத்தா ஏறும். டயர் மேல மாட்டற பனிச் செயின் வாங்கி டிக்கில போட்டுக்கங்க, அதை வீட்டு வாசல்லயே ஒரு தடவை மாட்டிப் பழகுங்க, நீல வட்டத்துல டயர் படம் போட்ட போர்டு வந்தா அதுக்கு மேல செயின் இல்லாம ஏறக் கூடாது. விக்னெட், அதான் ஆட்டோபான்ல ஓட்டறதுக்கான டோல் பாஸ், பார்டருக்கு முன்னாடியே வாங்கிடுங்க. ஏ10 ஆட்டோபான்ல பொங்காவ் வரைக்கும் அதுவே போதும், டவர்ன் டனல் தாண்டினாத்தான் தனி டோல். முடிஞ்சா சனிக்கிழமை கிளம்பாதீங்க, அன்னிக்குத்தான் எல்லா வீட்டுலயும் ஆள் மாறும், ஆட்டோபான் பூரா ரூஃப் பாக்ஸ் கார்தான்.

சூரிச்_தம்பி:

அக்கா, சாப்பாட்டு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை, அதால நான் சொல்லுறன். நாங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டிரோலுக்குப் போனனாங்கள், அவவும் சைவம்தான். வெளியில சாப்பிடேக்க சூப் எண்டால் கட்டாயம் கேளுங்கோ. காஸ்பிரெஸ்க்னோடல் எண்டு சீஸ் உருண்டை போட்ட சூப் வரும், பாத்தால் சைவம் மாதிரித்தான், ஆனா அநேகமா மாட்டெலும்பு அவிச்ச தண்ணியிலதான் தருவினம். காஸ்நோக்கன் எண்டு சட்டியோட சீஸ் ஊத்தி வாற சாமான் பிள்ளையளுக்கு நல்லாப் பிடிக்கும், அதிலயும் மாவில முட்டை இருக்கும், சில இடத்தில பன்றியிறைச்சித் துண்டும் போடுவினம். கைஸர்ஷ்மாரன் எண்டு பிய்ச்சுப் போட்ட இனிப்பு பான்கேக், அது முழுக்க முட்டைதான். ஆகவே மாமிக்கு வெளியில உருளைக்கிழங்கும் சலாட்டும்தான் மிஞ்சும், வீட்டில சமைக்கிறதுதான் நிம்மதி.

பிரஷர் குக்கர் கொண்டு போங்கோ, அங்க இராது. அடுப்பு இன்டக்ஷனோ எண்டு முதலே கேளுங்கோ, அலுமினியக் குக்கர் அதில சூடாகாது. ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் பூட்டு, ஜனவரி 6ம் லீவு, அரிசி பருப்பு மரக்கறி எல்லாம் முதல் நாளே வாங்கி வையுங்கோ. பால் மட்டும் வாங்கத் தேவையில்லை, பண்ணையிலயே கறந்த பால் தருவினம், கொதிக்க வைச்சுத்தான் குடிக்கவேணும் எண்டு எழுதி வைக்கிறது அங்க சட்டம். வெள்ளைக்காரர் சிலர் அப்பிடியே குடிப்பினம், நீங்கள் சின்னப் பிள்ளையளுக்குப் பச்சையாக் குடுக்காதேங்கோ. தயிர் போட்டால் ஆடை கட்டும் பாருங்கோ, அம்மா அதிலதான் விழுந்தவ, மலையை ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை.

மியூனிக்_மகா:

அய்யோ எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், இவ்ளோ விவரம் எதிர்பார்க்கல. சூரிச் தம்பி, அந்த சூப் மேட்டர் சொல்லலைன்னா நான் மாமியாருக்கு அதைத்தான் ஆர்டர் பண்ணியிருப்பேன்! ராம்ஸாவ்ல ஒரு பண்ணைக்கு மெயில் போட்டுட்டேன், இப்பவும் கறவை இருக்குன்னு பதில் வந்துடுச்சு. மாமியார் ஊர்லேர்ந்து நெய்யும் பால்கோவாவும் நிறைய கொண்டு வரேன்னு சொல்றாங்க, பண்ணைக்காரங்களுக்கும் கொஞ்சம் குடுக்கலாமேன்னு. அப்புறம் அவங்களோடது ஜெர்மன் விசா, ஆஸ்திரியாவுக்குத் தனியா ஏதும் எடுக்கணுமா?

லின்ஸ்_லதா:

மகா, நெய், பால்கோவா ரெண்டும் வேணாம்னு இப்பவே சொல்லிடுங்க. வெளி நாட்டுலேர்ந்து வர்றவங்க பால், இறைச்சி சம்பந்தப்பட்டது எதையும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு வரக் கூடாது, ஏர்போர்ட்ல பிடிச்சா எடுத்துப் போட்டுடுவாங்க. இதுல பண்ணைக்குக் கொண்டு போறது இன்னும் மோசம். நம்ம ஊர்ல கோமாரி சாதாரணமா வந்து போற நோய், இங்க அது ஒரு பண்ணைல வந்தா அந்தத் தொழுவத்தையே காலி பண்ணிடுவாங்க. 2025ல ஹங்கேரி, ஸ்லோவாக்கியால வந்தப்போ ஆஸ்திரியாக்காரங்க சின்ன பார்டர் ரோட்டையெல்லாம் மூடினாங்க. மாமனார் ஊர்ல மாட்டுக் கொட்டகைல போட்ட செருப்பையும் இங்க கொண்டு வர வேணாம், பண்ணைலயே ரப்பர் பூட்ஸ் குடுப்பாங்க. குடுக்கணும்னா ஏலக்காய், முந்திரி மாதிரி ஏதாச்சும் குடுங்க.

விசா ஷெங்கன்தான், ஜெர்மனி ஆஸ்திரியா ரெண்டுக்கும் பொது, தனியா ஒண்ணும் வேணாம், ஆனா பாஸ்போர்ட்டை வீட்டுல வெச்சுட்டுப் போயிடாதீங்க, திரும்பி வர்றப்போ வால்ஸர்பெர்க் பார்டர்ல ஜெர்மன் போலீஸ் நிறுத்திப் பார்ப்பாங்க. விசாவுக்குப் போட்ட இன்ஷூரன்ஸ்ல மலைல விழுந்தா தூக்கிட்டு வர்ற செலவு சேருமான்னு பாருங்க, ஹெலிகாப்டர் வந்தா பில் ஆயிரக்கணக்குல வரும். மலை மீட்புக்கு நம்பர் 140, ஆம்புலன்ஸ் 144. பெரியவங்க ரெண்டு பேருக்கும் ஷூ மேல மாட்டற ரப்பர் முள்ளு வாங்கிக் குடுங்க, பனில யாரும் வழுக்கி விழறதில்ல, பகல்ல உருகி ராத்திரி கண்ணாடியா உறைஞ்ச வாசப்படிலதான் இடுப்பு போகும்.

மியூனிக்_மகா:

சூப்பர்க்கா, நெய்க்கு இன்னிக்கே போன் போட்டு தடா போட்டுடறேன். மாமனார்கிட்ட பண்ணை பத்தி சொன்னேன், குளிரைப் பத்தி ஒரு கேள்வி இல்ல, மலையைப் பத்தி இல்ல, மாடு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்னு மட்டும் கேட்டார். யாருக்காச்சும் தெரியுமா?

வியன்னாவாசி:

அங்க அதிகமா இருக்கறது ஃபிளெக்ஃபீங்கற ஜாதி மாடு, வெள்ளை மூஞ்சி, உடம்பு செவலை, நாளைக்கு சராசரியா 20லேர்ந்து 25 லிட்டர்னு சொல்லுங்க. முதுகுல நீட்டுக்கு வெள்ளைப் பட்டை ஓடினா அது பின்ஸ்காவர், உள்ளூர் பழைய ஜாதி, அது கம்மியாத்தான் கறக்கும். நம்ப மாட்டார், அதனால அஞ்சு மணிக் கறவைக்கு நேரா கூட்டிட்டுப் போயிடுங்க.