தாதூவின் சிவப்பும் பொன்னும்

என் தந்தையின் வேலை காரணமாக நான் வளர்ந்தது கொல்கத்தாவில், தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதியில். மாடி வீட்டுப் பெரியவரைத் தாதூ, அதாவது தாத்தா, என்று அழைப்பேன். பிரிவினையின்போது கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக வந்து சேர்ந்த அவருக்கு ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணிதான் உயிர். கிழக்கு வங்கம் 1955இல் கிழக்குப் பாகிஸ்தானாகவும் 1971இல் வங்கதேசமாகவும் பெயர் மாறிவிட, தன் ஊரின் பழைய பெயர் 1920இல் பிறந்த இந்த அணியிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று அவர் சொல்லக் கேட்ட நாள் முதல் நானும் அந்த அணியின் ஆள் ஆனேன்.

கொல்கத்தாவின் எதிரணியான மோகன் பகானை வென்றால் தாதூ வீட்டில் இலிஷ் மீன் வேகும். எதிரணி ரசிகர்களின் வெற்றிக்கு இறால். சைவக் குடும்பமான எங்களுக்கு அந்த வீட்டுப் பாட்டி தனியாகப் பாயேஷ் என்னும் பாயசம் காய்ச்சி, வெண்கலக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார்.

1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்காகத் தாதூ என்னை சால்ட் லேக் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் 'டைமண்ட்' வியூகத்தைப் பற்றியே நகரம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. 1,31,000 பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, நாங்கள் 4–1 என வென்றோம். சுற்றிலும் எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, தாதூ மட்டும் உட்கார்ந்தபடியே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். மறு கை என் மணிக்கட்டை விடவில்லை. வீடு திரும்பிய பிறகும் அவர் விரல் தடம் சிவந்திருந்தது.

பின்னர் நான் சென்னைக்கு வந்துவிட்டேன், தாதூவும் காலமானார். 2019 ஜனவரிக்குப் பிறகு நாலரை ஆண்டுகள் மோகன் பகானை ஒருமுறைகூட வெல்ல முடியாமல் தவித்தோம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு அதே சிவப்பு, பொன் நிறச் சட்டையை அணிந்துதான் உட்காருவேன். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை ஆட்டத்தின் 60ஆவது நிமிடத்தில் அந்த வறட்சியை ஒரே கோலில் தீர்த்துவைத்தவர் நந்தகுமார் சேகர், சென்னைக்காரர். அடுத்த ஜனவரியில் ஒடிசா அணியை 3–2 என வீழ்த்தி, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தேசிய அளவில் ஒரு கோப்பையை நாங்கள் கைப்பற்றிய சூப்பர் கோப்பை இறுதியாட்டத்திலும் அவர் கோல் அடித்தார் என்றாலும், எனக்கு அந்த ஆகஸ்ட் மாலைதான் பெரிது.

அன்றிரவு தாதூவின் மகள் கொல்கத்தாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். கடாயில் கடுகெண்ணெய் பொரியும் ஓசை எனக்குக் கேட்டது. "கோல் போட்டது உங்கள் ஊர்ப் பிள்ளையாமே!" என்றவர், சற்று நேரம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, "உனக்குப் பாயேஷை எப்படி அனுப்புவேன்?" என்று கேட்டார்.