‘ஹில்ஃபோர்ட்’: மலைக்கோட்டை வேண்டாம், குன்றரண் என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

குன்றின் உச்சியைச் சுற்றிப் பள்ளமும் கரையும் போட்டு அமைத்த பழங்கால அரணைத் தொல்லியலில் ‘ஹில்ஃபோர்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மலைக்கோட்டை’ என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மலைக்கோட்டை என்றதும் நம் கண்ணில் நிற்பது திருச்சிதான்: பாறை, படிக்கட்டு, உச்சிப்பிள்ளையார். ஆனால் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள மெய்டன் காசில் என்ற ஹில்ஃபோர்ட் அப்படிப்பட்ட இடமே இல்லை. அது ஒரு சுண்ணக் குன்று. அதைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை உள்பக்கம் கொட்டிக் கரை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கி.மு. 600 வாக்கில் 16 ஏக்கரில் தொடங்கி, ஒன்றரை நூற்றாண்டுக்குள் 47 ஏக்கராக வளர்ந்து, அப்புறம் கரைக்கு வெளியே கரை, அதற்கும் வெளியே ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போனது.

அதனால் என் முன்மொழிவு ‘குன்றரண்’. மலையரண் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். “மணிநீரும் மண்ணும் மலையும்” குறளில் மலையே அரண். இங்கே மனிதர் மண்வெட்டிப் போட்டதுதான் அரண், குன்று அதற்கு இடம் மட்டுமே.

இதைவிட முக்கியம் ‘ரேம்பார்ட்’, அதாவது அரணைச் சுற்றி உயர்த்திய அந்த மண்தடுப்பு. அதை ‘மதில்’ என்று மொழிபெயர்ப்பதை நிறுத்த வேண்டும். மதில் கட்டுவது, இது கொட்டியது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும்: அடியில் பழைய புல்தரை ஒரு கருங்கோடாக அப்படியே கிடக்கும், அதன்மேல் முதலில் வெட்டிய மேல்மண், அதற்கும் மேலே ஆழத்திலிருந்து வந்த வெள்ளைச் சுண்ணக் கட்டிகள். நிலத்தின் அடுக்கு தலைகீழாக ஏறியிருக்கும். குளம் தூர்வாரிக் கரை உயர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கரை என்ற சொல் நம் வயல்வெளியிலேயே இருக்கும்போது எதற்கு மதில்? ‘அரண்கரை’ என்றே சொல்லலாம். இலக்கணப்படி அரட்கரை என்று திரியவேண்டும், தெரியும். மட்குடத்தை மண்குடம் என்று சொல்கிறோமே, அதுபோல இதையும் விடுங்கள்.

பள்ளத்துக்கு அகழி என்றால் தண்ணீரும் முதலையும் கூடவே வந்துவிடும். இவை காய்ந்த பள்ளங்கள். ‘அகழ்’ போதும்.

பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் மெய்டன் காசிலில் 1934 முதல் 1937 வரை தோண்டினார். கிழக்கு வாசலருகே கவண்கற்கள் 20,000க்கும் மேல் குவியலாகக் கிடைத்தன, எல்லாம் செசில் கடற்கரையில் பொறுக்கிவந்த உருண்டைக் கூழாங்கற்கள். அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டுக்கு வந்து கட்டம் கட்டித் தோண்டியவர். ஆகவே இரண்டு இடங்களையும் ஒரே கட்டுரையில் எழுதும் மாணவருக்கு இந்தச் சொற்கள் உடனே தேவைப்படும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சரியான சொல் பிடிபடவில்லை, ஆங்கிலத்தில் ‘காஸ்வேட் என்க்ளோஷர்’ என்பது. இந்தக் குன்றிலேயே, அரணுக்கு ஏறத்தாழ 3,000 ஆண்டு முன்பு, புதிய கற்காலத்தில் இடைவெளி விட்டு விட்டு வளையமாக அகழ் வெட்டி, நடுநடுவே வெட்டாத நிலத்தை வழியாக விட்டிருக்கிறார்கள். ‘இடைவிட்ட அகழ்வளையம்’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன்; நீளமாக இருக்கிறது. வரப்பில் மடை விடும் இடத்துக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள், அதிலிருந்து பிடிக்கலாம்.