புயல் நேரப் பதிவுகளில் தலைப்பு பிரிக்கும் எல்டிஏ முறை வெறும் துண்டுச் சொற்களைத் தருகிறது, எங்கே பிழை?

கடலோரத்தரவு:
மிக்ஜாம் புயலையொட்டி (2023 டிசம்பர் 2 முதல் 10 வரை) சென்னையைப் பற்றி வந்த சிறு பதிவுகள் சுமார் 60,000 இருக்கின்றன. பாதி தமிழ் எழுத்தில், மீதி தங்கிலீஷ். எந்தப் பகுதியில் எப்போது எதைக் கேட்டார்கள் (படகா, பாலா, கரண்டா) என்று பார்க்க வேண்டும். பைத்தான் நூலகமான சைக்கிட்-லேர்னின் கவுண்ட்வெக்டரைசரால் சொற்களை எண்ணி, அதன்மேல் 20 தலைப்புகளுக்கு எல்டிஏ. வருவது 'ளம', 'மழ', 'தண' போன்றவைதான். 'சென்னை' பட்டியலிலேயே இல்லை. ஸ்டாப்வேர்ட் (ஒதுக்க வேண்டிய பொதுச் சொற்கள்) பட்டியலை நீட்டியும் மாறவில்லை.

எழுத்தெண்ணி:
எல்டிஏவைக் குறை சொல்லாதீர்கள், பதிவைச் சொற்களாக, அதாவது டோக்கன்களாக, பிரிக்கும்போதே உடைந்துவிட்டது. பைத்தானோடு வரும், எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கணக்கில் எடுக்காது. அங்கே சொல்லை வெட்டிவிடும். வெக்டரைசரின் இயல்பு அமைப்போ இரண்டு எழுத்தாவது தொடர்ந்து வந்தால்தான் சொல்லாக ஏற்கும். 'வெள்ளம்' என்பதில் 'ளம' மட்டும் தப்பும். 'சென்னை'யில் ச, ன, ன என்று ஒற்றை எழுத்துகளே மிஞ்சுவதால் மொத்தமும் காணாமல் போகும்.

நிறுத்தற்குறிகளை நீக்கி, இடைவெளியில் பிரிக்கும் சொந்த டோக்கனைசரைக் கொடுங்கள். ஈமோஜி, நிறுத்தற்குறி நீக்கும் பழைய வரி எதையாவது எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள், பெரும்பாலும் அதே கோளாறு அதிலும் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் என்எஃப்சி இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு யூனிகோட் வடிவங்களை ஒன்றாக்குவது). 'கொ'வை ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளில் தட்டியவரும் ஒரே குறியில் தட்டியவரும் அப்போதுதான் ஒன்றாவார்கள். 'பௌ'வைப் 'பெள' என்று தட்டுவதை இது திருத்தாது. கண்ணை மூடிக்கொண்டு அதை மாற்றப் போனால் 'வெள்ளம்' கெட்டுவிடும், விட்டுவிடுங்கள்.

கொத்துக்கணக்கு:
டோக்கன் சரியானாலும் எல்டிஏ இங்கே திணறும் சார். ஒரே ஆவணத்தில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வருகிறது என்பதுதான் அதற்குத் தீனி. எட்டுப் பத்துச் சொல் பதிவில் அது எங்கே கிடைக்கும்? ஒரே பகுதி, ஒரே மணி நேரத்துப் பதிவுகளை ஒட்டி ஓர் ஆவணமாக்குங்கள். ஹேஷ்டேகை வைத்து ஒட்ட வேண்டாம்; டிரெண்டிங் டேகைச் சம்பந்தமில்லாத சினிமாப் பதிவிலும் சொருகுவார்கள்.

பதிவுகளைப் பொருள் ஒற்றுமையால் கொத்துகளாக்கும் பெர்ட்டாபிக் முயன்றால் ஒரு பொறி உண்டு. 'பன்மொழி' என்று கொடுத்தால் அது எடுக்கும் மினிஎல்எம் மாடலின் ஐம்பது சொச்சம் மொழிகளில் தமிழ் கிடையாது. பிழைச்செய்தி வராது, கொத்துகள் மட்டும் அபத்தமாக இருக்கும். அதற்குப் பதிலாக லாப்சே மாடலைப் போடுங்கள், அதில் தமிழ் உண்டு. தங்கிலீஷை முதலில் இண்டிக்எக்ஸ்லிட் போன்ற எழுத்துபெயர்ப்புக் கருவியால் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். ஆங்கில எழுத்தில் மழையும் மலையும் பல நேரம் ஒரே மாதிரி வருவதால் மாற்றத்துக்குப் பின் கொஞ்சம் கையால் பார்க்க வேண்டியிருக்கும். பெர்ட்டாபிக்கின் குறைந்தபட்சக் கொத்தளவு (ஒரு தலைப்புக்கு வேண்டிய குறைந்தபட்சப் பதிவுகள்) இயல்பில் 10. 60,000 பதிவுக்கு நூற்றுக்கணக்கில் தலைப்பு குவியும். 80இல் தொடங்குங்கள். எதிலும் சேராத '-1' குழு பெரிதாக வந்தால் பயப்படாதீர்கள், சிறு பதிவில் அது வழக்கம்.

வரிமேல்விழி:
படகு, பால், கரண்ட் என்று வகைகள் ஏற்கனவே கையில் இருக்கும்போது தலைப்பைத் தேடுவானேன்? 500 பதிவுகளை இருவர் தனித்தனியாகக் குறியிடுங்கள், ஒத்துப்போகாதவற்றைப் பேசித் தீருங்கள், அதை வைத்து ஒரு வகைப்படுத்தியைப் பயிற்றுங்கள். கொத்து முறை, நீங்கள் நினைத்தே பார்க்காத வகையைக் கண்டுபிடிக்க மட்டும். உதாரணமாக எண்ணூர் எண்ணெய்க் கசிவு, உங்கள் பட்டியலில் இல்லை.

ஊர்ப்பெயருக்கு முழுச்சொல் பொருத்தம் வேண்டாம், வேற்றுமை உருபு ஒட்டும். கடைசிப் புள்ளியை வெட்டி 'முடிச்சூர' என்று தொடக்கத்தைத் தேடினால் முடிச்சூர், முடிச்சூரில், முடிச்சூருக்கு மூன்றும் மாட்டும். 'ம்' முடிவு 'த்து' ஆவதால் 'தாம்பர' போதும். அடையாறு ஆறா, குடியிருப்புப் பகுதியா என்பதை மட்டும் கண்ணால்தான் பிரிக்க முடியும்.

டிரெண்டுக்கு எண்ணிக்கையை எடுக்காதீர்கள். 4ஆம் தேதி எல்லாமே ஏறியிருக்கும். அந்த மணி நேரத்து மொத்தப் பதிவில் இந்த வகை எத்தனை சதவீதம், எத்தனை தனிக் கணக்குகள் என்று பாருங்கள். நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் 'நாள்' காலை 5.30க்குத்தான் பிறக்கும்.

கடலோரத்தரவு:
டோக்கனைசரை மாற்றியதும் சொற்கள் முழுசாக வருகின்றன, நன்றி. படகு கேட்ட பதிவுகள் 5ஆம் தேதி உச்சம் தொடுகின்றன. பாதிக்கு மேல் ஒரே உதவி கோரிக்கையின் நகல்கள். நீக்கிவிடலாமா?

வரிமேல்விழி:
அழிக்காமல் குழுவாக்குங்கள். நகல்களை வேகமாகக் கண்டுபிடிக்கும் மின்ஹேஷில் மூன்றெழுத்துத் துண்டுகள், ஜாக்கார்ட் (இரு பதிவுக்கும் பொதுவான துண்டுகளின் விகிதம்) 0.7க்கு மேல் என்றால் ஒரே கோரிக்கை. தேவை எழுந்த நேரமாக முதல் பதிவை எடுங்கள். நகல்களின் எண்ணிக்கை பரவலைத்தான் காட்டும். மீட்டு முடித்தபின்னும் நகல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் 'மீட்டாச்சு' வகைப் பதிலைத் தனிக் குறியாக வையுங்கள். இன்னொன்று: கரண்டும் டவரும் போன பகுதியில் பதிவே குறையும். ஒரு பகுதியின் வரைகோடு திடீரென்று விழுந்தால் அதை 'சரியாகிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள், மின்தடை நேரத்தோடு ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.