என்ஜாம்ப்மென்ட்: ‘ஆற்றுநீர்’ வேண்டாம், ‘அடிதாண்டல்’ சரிவரும்

வணக்கம் நண்பர்களே,

கவிதையில் ஒரு தொடர் அடியோடு முடியாமல் அடுத்த அடிக்குள் ஓடுவதை ஆங்கிலத்தில் என்ஜாம்ப்மென்ட் என்பார்கள். அதற்குத் தமிழில் ‘ஆற்றுநீர்’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்று முந்தைய மடலில் வந்த யோசனை கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் நேர் எதிராகப் போய்விடும். நன்னூல் எட்டுப் பொருள்கோளில், அதாவது செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில், முதலாவதாகச் சொல்லும் யாற்றுநீர் (ஆற்றுநீரேதான்) என்பது அடிதோறும் பொருள் அற்று அற்று, அதாவது முடிந்து முடிந்து, ஒழுகுவது. நாம் பெயர் தேடுவதோ, அடி முடிந்தும் தொடர் முடியாமல் அடுத்த அடிக்குள் போய் இறங்குவதற்கு. ஆறு என்றதும் கரைபுரண்டு ஓடுவதை நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

வகுப்பில் இதற்கு ஒரு பெயர் இல்லாமல் நான் படும் பாடு இருக்கிறதே! முதல் குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘பகவன் முதற்றே உலகு’ என்பார்கள் பிள்ளைகள். பொருள் கேட்டால் ‘எழுத்துக்கெல்லாம் ஆதி அகரம், உலகுக்கு முதல் பகவன்’ என்று பதில் வரும். கிட்டத்தட்டச் சரியாக இருப்பதால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும், அதுதான் ஆபத்து. ‘முதல’ என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே, ‘ஆதி’ எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பரிமேலழகர் ‘ஆதிபகவன்’ என்பதை இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்கிறார். அதாவது ஒரே தொகைச்சொல்லின் பாதி முதல் அடியில் நிற்கிறது, மீதி அடுத்த அடியில். இதைச் சுட்டிக்காட்ட ஒரு சொல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

‘வகையுளி’ போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போதாது. ‘வேண்டுதல்வேண் டாமை’ என்று நாலாம் குறளில் சொல்லை உடைத்துச் சீர் பிரிக்கிறோமே, அது வகையுளி. அங்கே உடைவது சீர் எல்லையில், ஓசைக்காக. நமக்கு வேண்டியது அடி எல்லையில் தொடருக்கு என்ன ஆகிறது என்பது.

என் பரிந்துரை ‘அடிதாண்டல்’. பிரெஞ்சு மூலச்சொல்லுக்கே காலை எட்டிவைத்துத் தாண்டுவது என்றுதான் பொருள், கால் என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அடி என்றால் பாதமும் ஆகும், செய்யுளின் வரியும் ஆகும், இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? (ஆங்கில யாப்பில் ‘ஃபுட்’ என்பது நம் சீர். அதை அடி என்று மொழிபெயர்த்து மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.) வினையாகவும் வளையும்: ‘இங்கே பொருள் அடிதாண்டுகிறது’, ‘இந்தப் பாட்டில் அடிதாண்டலே இல்லை’. ‘அடிதாவல்’ என்றும் யோசித்தேன், கட்சித் தாவல் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. ‘தொடரடி’ மோசமில்லை, ஆனால் அது அடிக்குப் பெயர் ஆகிறதே தவிர நிகழ்வுக்கு ஆகவில்லை.

அடியோடு பொருள் நின்றுவிடுவதற்கு ‘அடிநிறைவு’ என்று இணைச்சொல் வைத்துக்கொள்ளலாம். அடிகளை இடம் மாற்றிப் போட்டாலும் பொருளும் ஓசையும் கெடாத அடிமறி மண்டில ஆசிரியப்பாவை அதற்கு நல்ல உதாரணமாகக் காட்டலாம்.

இடிப்பது ஒரே இடத்தில்தான். மரபுப்பாவில் அடியைத் தீர்மானிப்பது யாப்பு. ஓலையில் வரி பிரிக்காமல் எழுதிக்கொண்டே போனாலும் அடி அடிதான். புதுக்கவிதையில் கவிஞர் எங்கே ஒடித்தாரோ அதுதான் வரி. அப்படியானால் அங்கே ‘வரிதாண்டல்’ என்று தனியாகச் சொல்லவேண்டுமா, இல்லை ‘அடிதாண்டல்’ இரண்டுக்கும் போதுமா? எனக்குப் போதும் என்றுதான் படுகிறது. புதுக்கவிதை எழுதுபவர்கள் யாராவது சொல்லுங்களேன்.